பதினைந்து காலைகள்

ஜெனீவா காஸ்கின்ஸ் பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் ரோசலிண்ட் ஒன்பது மணிக்கே மஞ்சள் சீட்டு ஒட்டி முடித்துவிட்டாள். மொத்தம் பதினொரு இடங்கள். ஒரு மனிதன் செத்துப்போனால், அவன் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்துக்கு அவன் மனைவி பதினொரு முறை தன் பெயரை எழுதித் தர வேண்டும். இந்த வேலையில் ரோசலிண்டுக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. இதே காகிதக் கட்டை எத்தனையோ குடும்பங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறாள். பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்ப்பாள். வருகிறவர்கள் அழுதால் கோப்பைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள். இன்றைக்கு அந்தப் பேனாவைக் கிறுக்கத் தொடங்கியவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அதற்கான காரணம் மேசையின் இடதுபக்க இழுப்பறையில் இருந்தது.

அந்தக் கட்டடத்தில் மேலே எட்டு மாடிகளிலும் வங்கிகளை மிரட்டுகிறவர்கள் இருந்தார்கள். வங்கிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கண்காணிக்கிற அரசாங்க வக்கீல்கள், தணிக்கைக்காரர்கள், பொருளாதாரம் படித்தவர்கள். அவர்கள் அனுப்புகிற ஒரு கடிதத்துக்கு நாட்டின் பெரிய பெரிய வங்கிகளெல்லாம் கைகட்டி நிற்கும். தரைக்குக் கீழே இருந்த தளத்தில், அப்படி மிரட்டுகிறவர்களுக்கு நாற்காலி மாற்றித் தருகிறவர்களும், விளக்குப் பொருத்துகிறவர்களும், அடையாள அட்டை அடிக்கிறவர்களும், தபால் பிரிக்கிறவர்களும், விடுப்பும் ஆள்சேர்ப்பும் பார்க்கிறவர்களும் இருந்தார்கள். மேலே உள்ளவர்கள் கீழே இறங்கி வருவது இரண்டே காரணங்களுக்குத்தான். முதுகுவலிக்கு வேறு நாற்காலி கேட்க, இல்லையென்றால் வேலையை விட்டுப் போக.

ரோசலிண்டின் அறையில் முன்பு மூன்று பேர். ஒருத்தி ஓய்வுபெற்றாள், ஒருவன் வேறு துறைக்குப் போனான். புதிதாக ஆள் எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்ததிலிருந்து மூன்று நாற்காலிக்கும் அவள் ஒருத்திதான். போதாததற்குப் பழைய மேசை நாற்காலிக் கணக்கையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஆள் எடுக்கிற பிரிவிலேயே ஆள் இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் நிலைமை. தபால் அறையிலும் இதே கதை. இரண்டு பேர் செய்த வேலையை லெமுவேல் காஸ்கின்ஸ் ஒருவனே செய்துகொண்டிருந்தான்.

லெமுவேலுக்கு வயது அறுபத்திரண்டு. ரோசலிண்டுக்கும் அவனுக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். தபால் வண்டியை அவன் தள்ளிக்கொண்டு வரும்போது வண்டியின் முன்சக்கரம் ஒரு பாட்டும் அவன் ஒரு பாட்டும் பாடிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு உறையிலும் வந்த தேதி முத்திரையைக் குத்தி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் கோணலாகப் போடுவான். துறைக்குத் துறை போய்வருகிற பழுப்பு உறைகள் உண்டு. ஒரே உறை நாற்பது ஐம்பது தடவை பயணம் போகும். பழைய பெயரை அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் புதுப்பெயரை எழுதி அனுப்புவார்கள். மூடுவதற்குப் பசை கிடையாது, ஒரு வட்டப் பொத்தானும் சிவப்பு நூலும்தான். வேறு துறைகளிலிருந்து வருகிறபோது அந்த நூல் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். லெமுவேல் அதைப் பார்த்தால் விடமாட்டான். மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகித்தான் மேசைக்குக் கொண்டுவந்து தருவான். இவ்வளவு மெனக்கெடுவானேன், எப்படியும் நான் பிரிக்கத்தானே போகிறேன் என்று ரோசலிண்ட் கேட்டால், பிரிக்கிறது உன் வேலை, மூடுறது என் வேலை என்பான்.

போன நவம்பரில் அவனுக்குக் கணையத்தில் கட்டி என்று சொன்னார்கள். அவனுடைய சொந்த விடுப்பெல்லாம் டிசம்பர் பிறப்பதற்குள் ஆஸ்பத்திரிக்கே சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு அரசாங்கத்தில் ஒரு வழி உண்டு. கூட வேலை பார்க்கிறவர்கள் தங்கள் விடுப்பிலிருந்து நாலு மணி, எட்டு மணி என்று நோயாளிக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்த மணிகள் இருக்கிறவரை அவன் வீட்டிலிருந்தபடியே சம்பளம் வாங்கலாம். யார் கொடுத்தார்கள் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியக் கூடாது. அதைத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே ரோசலிண்ட் ஒருத்திதான். பல வருடமாக லெமுவேலோடு சிரித்துப் பேசியவர்கள் சிலர் வாயையே திறக்கவில்லை. ஏழாம் மாடியில் ஒரு வக்கீல் இருந்தாள், யாருக்கும் காலை வணக்கம்கூடச் சொல்லாதவள். அவள் நாற்பது மணி எழுதி அனுப்பினாள். இதையெல்லாம் மனதுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, லிஃப்டில் அந்த வக்கீலைப் பார்த்தால் ரோசலிண்ட் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பாள்.

ஜனவரி நடுவில் இன்னொரு படிவம் வந்தது. ஐரிஸ் டுப்ரீ என்று ஒருத்தி, முன்பு இதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தவள், இப்போது விவசாயத் துறையில் இருக்கிறாள். நூற்று இருபது மணி கொடுத்திருந்தாள், அதாவது முழுசாக மூன்று வாரம். ஆனால் இங்கே வேலை பார்த்த காலத்து ஞாபகத்தில், உள்ளே இருப்பவர்களுக்கான படிவத்தை நிரப்பிவிட்டாள். வெளித்துறைக்காரர்களுக்கு வேறு படிவம். ரோசலிண்டுக்குப் படிவ விஷயத்தில் நல்ல பெயர் உண்டு, இருபத்தாறு வருடத்தில் ஒரு தணிக்கைக் குறிப்புகூட வாங்காதவள். யோசிக்கவே இல்லை. ‘சரியான படிவத்தில் திருப்பி அனுப்பவும்’ என்று முத்திரை குத்தி, பழுப்பு உறையில் போட்டு, வெளியே போகிற தட்டில் வைத்தாள். ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு அவளுக்கு அந்த ஐந்து நிமிடம் இருக்கவில்லை என்று சொல்லலாம். அப்படித்தான் அவளும் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். லெமுவேல் இல்லாத தபால் அறைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் யாரோ ஒப்பந்தக்காரன் வந்துபோய்க்கொண்டிருந்தான். அந்த உறை கட்டடத்தைத் தாண்டவே இரண்டு வாரம் பிடித்தது.

ஜனவரிக் கடைசி வாரத்தில் அவள்தான் லெமுவேலுக்குப் போன் போட்டாள்.

“லெம், வெள்ளிக்கிழமையோட மணி தீருதுப்பா.”

“சுத்தமாவா?”

“சுத்தமா. நேத்து மறுபடியும் எல்லாருக்கும் எழுதிப் போட்டேன். ஒருத்தரும் அசையல. ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு கிளம்பினதுலேர்ந்து அவங்கவங்க விடுப்பை அவங்கவங்க மடியில கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“அவங்களைச் சொல்லி என்ன. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.” போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. “சரி, திங்கக்கிழமை வர்றேன்.”

“கிறுக்கா உனக்கு? சம்பளமில்லா விடுப்பு எழுதித் தர்றேன், வீட்டுல கிட.”

“வீட்டுத் தவணைக்கு என்ன எழுதித் தருவே? இத பாரு ரோஸ், மணி தீர்ந்த விஷயம் ஜெனீவா காதுக்குப் போகக் கூடாது. தெரிஞ்சா அடுத்த நாளே ஸ்கூல் பஸ் ஓட்டக் கிளம்பிடுவா. அந்த முட்டியை வச்சுக்கிட்டு. டாக்டர் இனிமே படியே ஏறக் கூடாதுன்னிருக்காரு. எனக்குப் போரடிக்குது, ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிக்கறேன். நம்புவா. நான் அப்படிப்பட்ட ஆளுதானே.”

விவசாயத் துறையிலிருந்து ஒரு படிவம் வரவேண்டியிருக்கிறது என்று சொல்ல ரோசலிண்டுக்கு வாய்வரை வந்தது. கைக்கு வராத மணியைப் பற்றி நோயாளியிடம் பேசக் கூடாது என்பது விதி. அவள் பேசவில்லை.

திங்கள்கிழமை அவன் வந்தபோது கோட்டு அவன்மேல் தொங்கியது, அவன் உள்ளே எங்கேயோ இருந்தான். மேல்மாடிகளில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். லெமுவேல் வந்துவிட்டான், இனி தபால் நேரத்துக்கு வரும். அடித்தளத்துக்காரர்கள் மட்டும் ஒன்றும் பேசாமல் அவனுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டார்கள், உட்கார்ந்தபடியே பிரிக்கட்டும் என்று. மத்தியானத்தில் அவன் தபால் சாக்குகள்மேல் சாய்ந்து தூங்குவான். ரோசலிண்ட் வெளியிலிருந்து கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போவாள். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கோழி சூப் கொண்டுவருவாள். பாதிதான் குடிப்பான்.

அவன் வந்த இரண்டாவது வாரம், பிப்ரவரி பதினொன்று. அன்று ரோசலிண்ட் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ ஓய்வூதியம் விளக்கிக்கொண்டிருந்தாள். சக்கரம் கிறீச்சிட்டது.

“ரோஸ், விவசாயத் துறையிலேர்ந்து உனக்குக் காதல் கடிதம்.”

“அவங்க பழைய நாற்காலி லிஸ்டா இருக்கும்,” என்றாள் ரோசலிண்ட், போனைக் கையால் பொத்திக்கொண்டு. வேண்டாத மேசை நாற்காலிகளை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டு வாரத்துக்கு ஒன்று வரும் அந்தப் பட்டியல். “அந்தத் தட்டுல போட்டுட்டுப் போ.”

“எவனோ பாவம் உருகி உருகி எழுதியிருக்கான். நீ இப்படிப் பண்றே.”

சிரித்துக்கொண்டே தன் கையால் தட்டில் போட்டுவிட்டுப் போனான். அதன்மேல் அடுத்த வாரப் பட்டியல் விழுந்தது, அதன்மேல் இன்னொன்று. வேலை நெருக்கடியில் ஐரிஸின் படிவம் ரோசலிண்டின் நினைவிலிருந்தே போய்விட்டது.

மார்ச் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை மாலைவரை வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, சபைக்குப் போக ஜெனீவா தொப்பி தேடிக்கொண்டிருந்தபோது போய்விட்டான்.

கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேலே இருந்து பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். ‘நம்மையெல்லாம் விட்டுப் பிரிந்திருக்க அவரால் முடியவில்லை, கடைசி வாரம்வரை வந்துகொண்டிருந்தார்’ என்று நெகிழ்ந்து பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ரோசலிண்டும் தட்டினாள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனீவா தட்டவில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நேற்று மத்தியானம், லெமுவேலின் பழைய காப்பீட்டுக் காகிதம் ஒன்றைத் தேடி ரோசலிண்ட் அந்தத் தட்டைக் கவிழ்த்தாள். அடியிலிருந்து பழுப்பு உறை வந்தது. சிவப்பு நூல் மூன்று சுற்று, நுனி உள்ளே செருகியிருந்தது. பிப்ரவரி பதினொன்று என்ற முத்திரைக்குப் பக்கத்தில் அவனுடைய இரண்டு கோணல் எழுத்துகள். பிரித்தாள். உள்ளே சரியான படிவம், நூற்று இருபது மணி, கையெழுத்தெல்லாம் கச்சிதமாக இருந்தது. படிவத்தோடு ஒரு துண்டுச்சீட்டைக் குத்தியிருந்தாள் ஐரிஸ். ‘படிவம் மாறிப்போனதற்கு மன்னிக்கவும். தாமதமாகிவிடவில்லை என்று நம்புகிறேன்.’

ரோசலிண்ட் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு, பழக்கதோஷம், நாள்காட்டியை எடுத்து எண்ணினாள். நூற்று இருபது மணி என்றால் பதினைந்து நாள். பதினைந்து காலைகள். அந்தக் காலைகளில் அவன் எழுந்து உடுத்திக்கொண்டு ரயிலேறி வந்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே கிடந்திருக்கலாம். அவள் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை, ஒரு நூலை அவிழ்த்திருந்தால் போதும்.

மேலாளர் கிரெக் தோர்ன்பரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் கெட்டவனில்லை. நாற்பது வயது, அடித்தளத்தைக் கட்டிக் காப்பாற்ற நாய்படாத பாடு படுகிறவன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“உங்களுக்கும் எனக்கும்.”

“விதிப்படி நாம செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்ல ரோசலிண்ட். தப்பான படிவம் வந்துச்சு, திருப்பினோம். சரியானது லேட்டாத்தான் கண்ணுல பட்டுச்சு. மூணு பேர் வேலையை ஒருத்தர் பார்த்தா இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். மணியைக் கொடுத்தவங்களுக்கே திருப்பிடுங்க. கடுதாசி இருக்கில்ல, எப்பவும் அனுப்புறது.”

“அவன் பொண்டாட்டி நாளைக்கு வர்றா.”

“அந்தம்மாகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஆறுற புண்ணைக் கிளறணுமா?” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். “இன்னொண்ணும் சொல்லிடறேன். எவனை வேலையை விட்டு அனுப்பலாம்னு மேல லிஸ்ட் போட்டுக்கிட்டிருக்கானுங்க. இந்த நேரத்துல ஒரு புகார் வந்துச்சுன்னா, மிச்சமிருக்கிற உங்க ஒரு நாற்காலியையும் தூக்கிடுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

அவன் சொன்ன கடுதாசி கணினியிலேயே தயாராக இருந்தது, பெயரையும் மணியையும் போட்டால் போதும். ‘பெறுநரின் மருத்துவ நெருக்கடி முடிவுற்றதால், தாங்கள் வழங்கிய விடுப்பு தங்கள் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது.’ குணமானாலும் அதே வாசகம்தான், செத்தாலும் அதேதான். நிறையப் பேருக்கு அனுப்பியிருக்கிறாள், அந்த வாசகம் இதுவரை அவள் கண்ணில் பட்டதே இல்லை. அச்சடிக்காமல் கணினியை மூடினாள். படிவத்தையும் சீட்டையும் மறுபடி உறைக்குள் வைத்து, அவன் செய்கிறபடியே மூன்று சுற்றுச் சுற்றி, இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஜெனீவா சொன்ன நேரத்துக்கு வந்தாள். கனத்த உடம்பு, சாம்பல்நிறக் கோட்டு, கைத்தடி. வாயிற்காவலர் ஒட்டிவிட்ட பார்வையாளர் சீட்டு கோட்டின்மேல் கோணலாக இருந்தது. வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று அலுமினியத் தாளில் சுற்றிய வெண்ணெய்க் கேக். இன்னொன்று ரோசலிண்டின் பிளாஸ்க், பளபளவென்று துலக்கியிருந்தது.

“சூப் குடுத்து அனுப்பினது நீங்கதான்னு சொல்லியிருக்காரு. இது வீட்டுலயே தங்கிடுச்சு.”

“அதுக்கென்ன அவசரம், மிஸ் ஜெனீவா.”

“அடுத்தவங்க பாத்திரம் வீட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வராது.”

கையெழுத்து தொடங்கியது. ரோசலிண்ட் ஒவ்வொரு தாளுக்கும் அது எதற்கென்று ஒரு வரி சொன்னாள், ஜெனீவா கேட்டுக்கொள்ளாமலே போட்டாள். ஏழாவது மஞ்சள் சீட்டில் பேனா நின்றது.

“மிஸ் ரோஸ், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வந்தப்ப அவரு சந்தோஷமா இருந்தாரா?”

“ஏன் கேக்கறீங்க?”

“அஞ்சு வாரம்.” ஜெனீவா பேனாவை மூடினாள். “விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவாரு. கட்டில் ஓரத்துல உக்காந்து ஒரு சாக்ஸை மாட்டுவாரு. மூச்சு வாங்குவாரு. அப்புறம்தான் அடுத்தது. நான் கோட்டைக் கையில பிடிச்சிக்கிட்டு, போகாதீங்க, இன்னிக்கு ஒருநாள் என்கூட இருங்கன்னு கெஞ்சுவேன். தபால் குவிஞ்சு கிடக்கும் ஜென், நான் இல்லேன்னா அங்க ஒண்ணும் நடக்காதுன்னுவாரு. முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினேன். கடைசியில எனக்கும் தபாலுக்கும் நடுவுல அந்த மனுஷன் தபாலைப் பார்த்துக்கிட்டுப் போயிட்டாரு.”

ரோசலிண்ட் கோப்பைப் புரட்டத் தலையைக் குனிந்தாள். எதைப் புரட்டுவதென்று தெரியவில்லை.

“அன்னிக்குக் கேன்டீன்ல உங்க பெரியவர் பேசினாரே, உங்களையெல்லாம் விட்டுப் பிரிய முடியலன்னு. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நான் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். செத்துப்போனவர்மேல எனக்குக் கோபம், மிஸ் ரோஸ். பாஸ்டர்கிட்டகூட இதைச் சொல்லல. அவரு தலையணையைச் சுவத்துப் பக்கம் தள்ளி வச்சுட்டுத்தான் படுக்கறேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ரோசலிண்டுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இருபத்தாறு வருடத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், கோபப்பட்டிருக்கிறார்கள். செத்தவனுக்குத் தான் வேண்டாதவளாகிப் போனேன் என்று இப்படி யாரும் உட்கார்ந்ததில்லை. லெமுவேல் சொன்ன பொய் மனைவிமேல் இருந்த அக்கறையினால் சொன்னது. அதுவே இப்போது இவளை அரித்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோம் என்று ரோசலிண்டுக்குத் தெரியும். இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

“அவரு தபாலுக்காக வரல, மிஸ் ஜெனீவா.”

ஜெனீவா நிமிர்ந்தாள்.

“மத்தவங்க குடுத்த விடுப்பு மணி ஜனவரியோட தீர்ந்துபோச்சு. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். அதுக்கப்புறம் வீட்டுல இருந்தா சம்பளம் கிடையாது. உங்களுக்குத் தெரிஞ்சா ஸ்கூல் பஸ் ஓட்டக் கிளம்பிடுவீங்கன்னு பயந்தாரு. முட்டி போயிடும்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு. மத்தியானமெல்லாம் சாக்குமேல படுத்துக் கிடப்பாரு, நான்தான் கதவைப் பூட்டுவேன். அவருக்கு இங்க ஒரு சந்தோஷமும் இல்ல. மணி நாலானா கோட்டை மாட்டிக்கிட்டு நிப்பாரு, வீட்டுக்குப் போக.”

ஜெனீவா தன் வலது முட்டியைப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல. கோட்டுக்கு மேலாக அதைத் தடவிக் கொடுத்தாள்.

“படுபாவி மனுஷன்,” என்றாள். “இந்த முட்டிக்காகவா.”

பிறகுதான் அழுதாள். ரோசலிண்ட் இந்த முறை தலையைக் குனியவில்லை. அழுகைக்கு நடுவில் ஜெனீவாவுக்குச் சிரிப்பும் வந்தது. “போரடிக்குதுன்னாரு என்கிட்ட. நானும் நம்பினேன் பாருங்க,” என்று சொல்லிச் சொல்லி மூக்கைத் துடைத்தாள். வந்தபோது தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் இறங்கிவிட்டிருந்தன. மேசைக்கு மேலாகக் கையை நீட்டி ரோசலிண்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லலேன்னா நான் சாகறவரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன். கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும். இதுல யாரு தப்பும் இல்ல, மிஸ் ரோஸ். ஜனங்க முடிஞ்சதைக் குடுத்தாங்க. தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான்.”

பேனாவைத் திறந்து மிச்சமிருந்த இடங்களில் கையெழுத்துப் போட்டாள். இப்போது எழுத்து நிதானமாக வந்தது. ரோசலிண்ட் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதோடு விட்டுவிடலாம். கிரெக் சொன்னது சரிதான். அவன் பயந்த மாதிரி புண்ணைக் கிளறவும் இல்லை, ஆற்றியாகிவிட்டது. இவள் இன்று ராத்திரி அந்தத் தலையணையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குவாள். இழுப்பறையைத் திறக்காமல் இருந்தால் போதும், நாற்காலியும் மிஞ்சும். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஜெனீவா பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

“அந்தக் கேக்கை இன்னிக்கே சாப்பிட்டுடுங்க. அவருக்குப் பிடிச்ச கேக். செய்யவே கூடாதுன்னு இருந்தேன், கோபத்துல. நேத்து என்னவோ தோணிச்சு.”

ரோசலிண்ட் அலுமினியத் தாளைப் பார்த்தாள். தீர்ந்துபோச்சு என்று இவள் சொன்னாள். தீரவில்லை. அந்தப் பதினைந்து காலைகளும் முழுசாக, ஒரு நிமிடம்கூடக் குறையாமல், அவள் இடது கைக்குப் பக்கத்தில் கிடந்தன. இந்தக் கேக்கைச் சாப்பிடவும் முடியாது, இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றியை வாங்கிக்கொள்ளவும் முடியாது. பயமாகத்தான் இருந்தது.

“மிஸ் ஜெனீவா,” என்றாள். “கொஞ்சம் உக்காருங்க.”

“இன்னும் கையெழுத்து இருக்கா?”

“இல்ல. கையெழுத்து இல்ல.”

இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தாள். மேசையில், பிளாஸ்குக்கும் கேக்குக்கும் நடுவில் வைத்தாள். அடித்தெழுதிய பெயர்கள் வரிவரியாக இறங்கி, கடைசிக் கட்டத்தில் ரோசலிண்டின் பெயர் இருந்தது. ஜெனீவா அதைப் பார்க்கவில்லை. முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கோணல் எழுத்துகளைத்தான் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்து, அவற்றின்மேல் விரலை வைத்தாள்.

“அவரு கையெழுத்து.”

“ஆமா. பிப்ரவரி பதினொண்ணாம் தேதி அவரே கொண்டாந்து என் தட்டுல போட்டாரு.”

“என்ன இது?”

பதிலுக்குக் காத்திராமல் ஜெனீவா உறையைத் திருப்பினாள். சிவப்பு நூலைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“வீட்டுல எதைக் கட்டினாலும் மூணு சுத்துதான். மாவு டப்பாவா இருந்தாலும் சரி. இது அவரு சுத்தினதுதானே?”

“இல்ல,” என்றாள் ரோசலிண்ட். “அவரு சுத்தினதை நான் நேத்துதான் அவுத்தேன். அவரு போனதுக்கு அப்புறம்தான் அவுத்தேன், மிஸ் ஜெனீவா. இப்ப இருக்கிறது நான் சுத்தினது.”

ஜெனீவா அவளையே பார்த்தாள். புன்னகை இன்னும் முழுசாக அணையவில்லை, ஆனால் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. பிறகு குனிந்து, நுனியை வெளியே எடுத்து, நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது பொத்தானுக்கு அடியில் இறுகியிருந்தது. கத்தரிக்கோல் மேசையில் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நூல் அறுந்துவிடாதபடி நகத்தால் மெல்ல மெல்ல நெம்பிக்கொண்டிருந்தாள்.